அலங்கார மீன் வளர்ப்பும் பொறுப்பான விற்பனையும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்தது தேற்றாத்தீவு. இங்கு தோட்டச் செய்கை கிணற்றை நம்பியே நடைபெறுகின்றது. வாவியைக் கடந்து மேற்கே சென்றால் படுவான்கரை வயல்கள் விரிகின்றன. தோட்டமும் வயலும் செய்யும் குடும்பங்களுக்குக் கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்த்தல் ஏற்றதோர் உபதொழிலாகும். நீர் உண்டு, இடம் உண்டு. காலையும் மாலையும் அரைமணி நேரம் ஒதுக்க வீட்டில் ஒருவர் இருந்தாற் போதும்.

மீனை வளர்க்கும் முறையைப் பலர் அயலவரிடம் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர். அதனை விற்கும் முறையைக் கற்பிப்பார் இல்லை. ஆதலால் இவ்வேடு பெரும்பாலும் விற்பனையைப் பற்றியே கூறும்.

கத்தரிக்காயை விற்றால் அது மறுநாட் கறிச்சட்டியில் முடிகின்றது. அதன் பின்னர் கமக்காரனுக்கு அதிற் கவலை இல்லை. அலங்கார மீனோ விற்கப்பட்ட அன்றுதான் தன் வாழ்வின் பெரும் பகுதியைத் தொடங்குகின்றது. அது பத்து நாளில் ஒரு சிறுவனின் கண்ணாடிக் கிண்ணத்திற் செத்து மிதக்கலாம். பத்து ஆண்டு வாழ்ந்து தொட்டி கொள்ளாத அளவுக்கு வளரலாம். வளர்ப்போர் சலித்துப்போய் அதனை வாய்க்காலிற் கொட்டிவிடவும் கூடும். இவற்றுள் எது நேரும் என்பது பெரும்பாலும் விற்கும் வேளையில் விற்றவர் சொன்ன சொல்லையும், சொல்லாமல் விட்டதையும் பொறுத்ததே.

பேரங்காடிகளிற் கண்ட பாடம்

இக்காலத்தில் அரிசியும் சவர்க்காரமும் விற்கும் பெருங்கடைகள் மீனையும் சேர்த்து விற்கும் வழக்கம் பல நாடுகளிற் பரவியுள்ளது. மலிவு விலையே இக்கடைகளின் பலம். சவர்க்காரத்தை மலிவாக விற்பதால் எவருக்கும் கேடில்லை. மீனை அவ்வாறு விற்பது வேறு. விலை குறைந்தால் அதனைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கும் கூலியும் குறைகின்றது. துணிப் பகுதியில் நிற்கும் பணியாள் அழைக்கப்பட்டு வந்து வலையால் மீனை அள்ளிப் பையில் இட்டுக் கொடுக்கின்றார். இம்மீன் எவ்வளவு வளரும், எதனோடு சேராது என்று கேட்டால் அவர் பாவம் என்ன சொல்வார்?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிகப் பெரிய மலிவுவிலைக் கடை நிறுவனமான வால்மார்ட்டு நெடுங்காலம் உயிர்மீன் விற்று வந்தது. அக்கடைகளின் தொட்டிகளில் இறந்த மீன்கள் மிதப்பதாக வாங்குவோரும் விலங்குநல அமைப்பினரும் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வந்தனர். 2019ஆம் ஆண்டில் அந்நிறுவனம் உயிர்மீன் விற்பனையைக் கைவிட்டது. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கே மீன் விற்பனை மற்றைச் சரக்கு விற்பனை போன்றதன்று என்றால், சிறு கடை வைத்திருப்போரும் அவர்களுக்கு மீன் கொடுப்போரும் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

வேறு சில நாடுகள் சட்டத்தின் துணையை நாடின. இத்தாலியின் தலைநகரான உரோமாபுரி 2005ஆம் ஆண்டில் தங்க மீனை வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து வளர்ப்பதைத் தடைசெய்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டோருக்கு மீன் உள்ளிட்ட விலங்குகளை விற்றல் குற்றமாகும். பிள்ளை கேட்பது இயல்பு. வாங்கும் முடிவைப் பெரியவர் ஒருவர் எடுத்தல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கருத்து.

விற்பவர் அறிவுடையவராயின் வரும் நன்மைக்கும் ஒரு சான்று உண்டு. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துச் செல்லப்பிராணிக் கடை ஒன்றின் ஊழியர், மீன்தொட்டி அழகுக்காக விற்கப்படும் பாசிப் பந்துகளிற் சிறு சிப்பிகள் ஒட்டியிருக்கக் கண்டு அரசினருக்கு அறிவித்தார். அவை வரிச்சிப்பி எனப்படும் அயல்நாட்டுச் சிப்பிகள். நீர்க்குழாய்களை அடைத்து ஏரிகளைக் கெடுப்பவை. தேடிப் பார்த்தபோது இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களின் கடைகளில் அவை கண்டுபிடிக்கப்பட்டன. அக்கடையில் தாம் விற்கும் பொருளை உற்றுப் பார்க்கும் ஒருவர் இருந்தமையால் வந்த நன்மை இது.

புதுத் தொட்டியின் கேடு

வாங்கிய மீன் ஒரு கிழமைக்குள் இறந்துவிட்டதென்று கடைக்குத் திரும்பி வருவோர் பலர். கடைக்காரர் மீனை வளர்த்தவரைக் குறை சொல்வார். வளர்த்தவர் நீரைக் குறை சொல்வார். பெரும்பாலும் காரணம் தொட்டியின் புதுமையே. கமக்காரருக்கு இதனை விளக்குதல் எளிது.

மிளகாய்ப் பாத்திக்கு யூரியா இட்டால் அது மண்ணிலே முதலில் அமோனியாவாக மாறுகின்றது. பின்னர் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைத்திரைற்றாகவும், அதன்பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அளவு மிஞ்சி இட்ட பாத்தியில் நாற்றுக் கருகுவதைக் காணாத கமக்காரர் இலர். மீன்தொட்டியிலும் நிகழ்வது இதுவே. மீனின் செவுள்வழியும் கழிவுவழியும் வெளிப்படுவது அமோனியா. தின்னாது எஞ்சிய உணவு அழுகினாலும் அமோனியாவே உண்டாகின்றது. அது மீனுக்கு நஞ்சு. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் புதிதாக நிரப்பிய தொட்டியில் இல்லை. அவை கற்களிலும் வடிகட்டிப் பஞ்சிலும் படிந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை வரை செல்லும்.

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கும் கடை, வாங்குவோருக்கு இறப்பையே விற்கின்றது என்று சொன்னால் அது கடுஞ்சொல் அன்று. முதல் நாள் தொட்டியை விற்று, அது சில கிழமை ஓடிய பின்னர் இரண்டு மூன்று சிறு மீன்களை மாத்திரம் விற்று, அவை நிலைத்தபின் மற்றவற்றை விற்றல் வேண்டும். பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பிடி சரளைக் கல்லையோ அழுக்குப் படிந்த வடிகட்டிப் பஞ்சையோ கொடுத்தனுப்பினால் காத்திருக்கும் நாள் குறையும். தயிருக்கு உறை இடுவது போன்றது இது. கடைக்காரருக்கு இதனாற் செலவு ஒன்றும் இல்லை. எனினும் நோய் கண்ட தொட்டியிலிருந்து இவ்வாறு எடுத்தல் ஆகாது.

குழாய் நீர் பாவிப்போருக்கு இன்னொரு சொல்லும் சொல்லுதல் வேண்டும். சுத்திகரித்து அனுப்பப்படும் நீரிற் குளோரின் உண்டு. அது மீனின் செவுளை எரிப்பதோடு மேற்சொன்ன நுண்ணுயிர்களையும் கொல்லும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பாவித்தல் நன்று. கிணற்று நீரில் இக்குறை இல்லை. ஆனால் கிணற்றிற் குளோரின் தூள் இட்ட நாட்களில் அந்நீரையும் தவிர்த்தல் வேண்டும்.

எம்மீனை எவருக்கு விற்பது

தங்க மீன் சிறிதாயிருக்கும்போதே விற்கப்படுகின்றது. அதனால் அது சிறு மீன் என்றே பலரும் எண்ணுகின்றனர். நன்கு வளர்ந்தால் அது எட்டு அங்குலத்தைத் தாண்டும். பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். கிண்ணத்தில் இட்டால் வளர்ச்சி குன்றி, தன் கழிவிலேயே மூச்சுத்திணறி இறக்கும். ஒரு மீனுக்கு 50 லீற்றர் நீராவது இருத்தல் வேண்டும். அதற்கு இடம் இல்லாதவருக்குத் தங்க மீனை விற்றல் தகாது.

பைற்றர் எனப்படும் சண்டை மீனைச் சிறு போத்தல்களில் அடைத்து அடுக்கி வைத்து விற்பதைக் காண்கிறோம். விராலையும் பனையேறிக் கெண்டையையும் போல இதுவும் நீர்மேல் வந்து காற்றைச் சுவாசிக்க வல்லது. ஆதலாற் போத்தலிலும் சில நாள் உயிரோடு கிடக்கும். உயிரோடு கிடப்பது வேறு, வாழ்வது வேறு. இம்மீனின் தாயகம் தாய்லாந்தும் அதனை அடுத்த நாடுகளும் ஆகும். அங்கே நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் புல்லிடையே வாழ்கின்றது. 2019இல் தாய்லாந்து இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நெல்வயல் ஆழம் குறைந்ததாயினும் அகலம் குறைந்ததன்று என்பதை நெற்செய்கையாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆண் மீனுக்குப் பதினைந்து லீற்றராவது கொள்ளும் தனித்தொட்டியும் மேலே மூடியும் வேண்டும். இரண்டு ஆண்களை ஒன்றாய் இட்டு விற்போர் மீனையும் அறியார், தொழிலையும் அறியார்.

கப்பி, மொலி, பிளற்றி ஆகியவை குட்டி ஈனும் மீன்கள். புதிதாகத் தொடங்குவோருக்கு இவை ஏற்றவை. கப்பிப் பெண்மீன் ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒருமுறை ஈனும். ஒருமுறை ஆணோடு சேர்ந்தாற் பல மாதங்கள் ஆண் துணையின்றியே மீண்டும் மீண்டும் ஈனவும் வல்லது. ஆறு மீன் வாங்கியவர் ஆறு மாதத்தில் நூறு மீனை என் செய்வது என்று தவிப்பார். இதனை விற்கும்போதே சொல்லி, ஆண் மீன்களை மட்டும் கொடுத்தல் நேர்மையான வணிகம். ஆண் சிறியதாயும் நிறம் மிக்கதாயும் இருத்தலாற் பிரித்தறிதல் எளிது.

இனி, டேங்க் கிளீனர் என்று கடைகளில் அழைக்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறு. இதன் பெயரே பொய். கண்ணாடியிற் படிந்த பாசியைச் சிறிது உரிஞ்சித் தின்னும் என்பது மெய்யே. ஆனால் தின்றதைவிட மிகுதியாகக் கழித்துத் தொட்டியை அழுக்காக்குவதும் இதுவே. இரண்டு மூன்று அங்குலத்தில் விற்கப்படும் இது ஒன்றரை அடிவரை வளர வல்லது. வீட்டுத் தொட்டி எதற்கும் அது பொருந்தாது. இது பற்றி இன்னும் சொல்ல வேண்டியதுண்டு.

வாய்க்காலிற் கொட்டப்படும் மீன்

தொட்டி கொள்ளாத மீனைக் கொல்ல மனம் வராதவர் அதனைக் குளத்திலோ வாவியிலோ விடுகின்றனர். அவர் நோக்கம் இரக்கமே. அதனால் விளைவது பிறருக்குத் துன்பம்.

உறிஞ்சுவாய்க் கெளிற்றின் தாயகம் தென்னமெரிக்க ஆறுகள். அங்கிருந்து மீன்தொட்டி வணிகத்தின் வழியே உலகின் வெப்பநாடுகள் பலவற்றின் ஆறுகளிலும் குளங்களிலும் புகுந்துவிட்டது. இலங்கையின் உள்நாட்டு நீர்நிலைகளிலும் இது பிடிபடுகின்றது. உடல் முழுவதும் எலும்புத் தகடு போர்த்தது. செட்டைகளில் முள் உண்டு. வலையிற் சிக்கினால் வலை கிழியும். உண்பாரும் வாங்குவாரும் அரியர். காற்றைக் குடித்து ஈரத்திற் பல மணி நேரம் உயிர் தாங்கும். ஓரளவு உவர்நீரிலும் வாழும். ஆதலால் மட்டக்களப்பு வாவியின் உவர்ப்பு மாரிக்காலத்தில் தணியும்போது அதனூடாக ஒரு வாய்க்காலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அதற்குத் தடை இல்லை.

கமக்காரர் கவனிக்க வேண்டியது இனிவருவதே. இம்மீன் முட்டையிடுவதற்குக் கரையிலே வளை தோண்டும். அவ்வளை மூன்றடி ஆழம்வரை செல்லும். ஒன்றன் அருகே ஒன்றாகப் பல வளைகள் தோண்டப்பட்ட கரை நீர் ஏறி இறங்கும்போது சரியும். மெக்சிக்கோ, புளோரிடா முதலிய இடங்களில் ஆற்றுக் கரைகளும் வாய்க்காற் கரைகளும் இவ்வாறு சரிந்துள்ளன. நண்டு வளையால் வரம்பு உடைந்து நீர் போவதற்கே இராக் கண்விழிக்கும் நெற்செய்கையாளர், உன்னிச்சைக் குளத்துக்கும் நவகிரிக் குளத்துக்கும் உரிய வாய்க்காற் கரைகளில் மூன்றடி வளை தோண்டும் மீன் குடியேறினால் எத்துணைச் சங்கடம் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். குடியேறிய பின் அதனை முற்றாக அகற்றிய நாடு எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

தங்க மீனும் சாதுவன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற் பேர்ன்ஸ்வில் நகரசபை 2021ஆம் ஆண்டில் ஓர் ஏரியிலிருந்து பந்தளவு பருத்த தங்க மீன்களைப் பிடித்து, வளர்ப்பு மீனை நீர்நிலையில் விடவேண்டாம் என்று பொதுமக்களை வேண்டிக்கொண்டது. அவை அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி நீர்ப்பூண்டுகளை வேரோடு பெயர்த்திருந்தன. வாவியில் மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் ஒதுங்கி வளர்வது நீர்ப்பூண்டுகளுக்கிடையேதான் என்பது வலை வீசுவோர் அறிந்ததே.

அழகுக்காக வந்தது அல்லலாக முடிந்த கதை இந்நாட்டுக்குப் புதிதன்று. ஊதாப் பூவின் அழகுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை சில ஆண்டுகளிலேயே நீர்நிலைகளை மூடியது. அதனை ஒழிக்க 1909ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்து நூறாண்டு கடந்தும் பூண்டு போகவில்லை. சல்வீனியாவின் கதையும் அத்தகையதே. 1939இற் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குக் கற்பித்தலுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்நீர்ப்பூண்டு வெளியேறி வயல்களையும் வாய்க்கால்களையும் மூடியது. 1986இல் அதனைத் தின்னும் சிறு வண்டினத்தை விட்ட பின்னரே பல இடங்களிற் சற்று அடங்கியது. மீன்தொட்டிக்கு வாங்கும் நீர்ப்பூண்டுகளையும் கழுவிக் கழிக்கும்போது மண்ணிற் புதைக்க வேண்டுமேயன்றி வாய்க்காலில் எறிதல் ஆகாது என்பது இதனாற் புலனாகும்.

அயல்நாட்டு மீன் யாவும் கேடே என்று சொல்ல வரவில்லை. 1952ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று குளத்து மீன்பிடியின் பெரும் பகுதியாக இருந்து ஏழையின் சட்டிக்கும் கறி தருகின்றது. அது நாட்டு மீன்களை எவ்வளவு நெருக்கியது என்பது வேறு வழக்கு. ஆயினும் திலாப்பியாவைக் கொண்டுவந்தோர் ஆராய்ந்து முடிவெடுத்துப் பெயர் சொல்லிச் செய்தனர். ஒரு பொலித்தீன் பையிலிருந்து இருளில் வாய்க்காலிற் கொட்டப்படும் மீனுக்கு முடிவெடுத்தவர் ஒருவரும் இல்லை. கேடு வந்தாற் பொறுப்பேற்பவரும் இல்லை.

நுளம்புக் கூத்தன்களைத் தின்பதற்காகக் கப்பி மீனைச் சுகாதாரப் பகுதியினர் கிணறுகளிலும் மூடிய தொட்டிகளிலும் இடுவிப்பதுண்டு. அது நன்மையே. அதனைக் காட்டி ஓடையிலும் வாவியிலும் கப்பியைக் கொட்டுதல் கூடாது. அங்கே கூத்தன்களைத் தின்ன நாட்டு மீன்கள் உண்டு.

கடையும் வாங்குவோரும்

நகரத்துச் சுப்பர் மார்க்கட்டாயினும் சந்தைச் சிறு கடையாயினும் மீன் விற்பனைக்கு ஓர் ஆள் பொறுப்பாக இருத்தல் வேண்டும். அவர் அம்மீன்களின் இயல்பை அறிந்தவராயும் இல்லை என்று சொல்லத் துணிந்தவராயும் இருத்தல் வேண்டும். நல்ல கடையில் இத்தகைய பேச்சுக் கேட்கும்:

"அண்ணன், மகனுக்கு இந்தப் பெரிய கறுப்பு மீன் ஒன்று தாருங்கள்."

"தாறதில் தடையில்லை, தங்கச்சி. வீட்டில் தொட்டி வைத்து எத்தனை நாள்?"

"இன்றைக்குத்தான் வாங்கப் போகிறோம்."

"அப்படியென்றால் இன்றைக்குத் தொட்டியை மட்டும் கொண்டுபோங்கள். நீர் நிரப்பி ஓடவிட்டு அடுத்த மாதம் வாருங்கள். இந்த மீன் ஒன்றரை அடிக்கு வளரும், வேண்டாம். தம்பிக்குப் பிளற்றி நாலு தருகிறேன். பிறகு வைத்திருக்க முடியாவிட்டால் என்னிடமே கொண்டுவாருங்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள்."

அன்று அக்கடைக்கு மீன் விற்பனை இல்லை. ஆனால் அடுத்த மாதமும் அதன் பின்னரும் அத்தாயும் மகனும் அக்கடைக்கே வருவர். செத்த மீனைக் கண்ட பிள்ளை மறுமுறை மீன் கேட்பதில்லை என்பதை வணிகர் நினைவில் வைத்தல் நன்று.

ஒவ்வொரு தொட்டியின்மேலும் மீனின் பெயர், வளரும் அளவு, வாழும் காலம், சேரத்தகாத மீன், உணவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டுதல் ஒரு நாள் வேலையே. வேண்டாத மீனைத் திருப்பி ஏற்றல் அதனினும் இன்றியமையாதது. திரும்பி வந்த மீனை உடனே மற்றவற்றோடு கலவாது இரண்டு கிழமை தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். பல தொட்டிகளுக்கு ஒரே நீரைச் சுற்றவிடும் கடைகளில் ஒன்றிற் கண்ட வெண்புள்ளி நோய் மறுநாளே எல்லாவற்றிலும் பரவும். வலையையும் தொட்டிக்கு ஒன்றாக வைத்திருத்தல் நலம்.

வளர்ப்போருக்கும் இதிற் பங்குண்டு. கடைக்கு மீன் கொடுக்கும் கமக்காரர், திருப்பி ஏற்கும் கடைக்கே கொடுப்பேன் என்று சொல்லலாம். ஓரிருவர் சொன்னாற் கடைக்காரர் கேளார். ஊரில் மீன் வளர்ப்போர் யாவரும் சேர்ந்து சொன்னாற் கேட்பார். மிளகாய் விலைக்குச் சங்கம் கூடுவோர் இதற்கும் ஒருமுறை கூடலாம். உறிஞ்சுவாய்க் கெளிற்றையும், தொட்டிக்கு மிஞ்சி வளரும் வேறு மீன்களையும் பெருக்குவதில்லை என்று அதே கூட்டத்தில் முடிவு செய்தல் மிக நன்று.

விற்பனைக்கு அனுப்பும் முதல் நாள் மீனுக்கு உணவு கொடுத்தல் ஆகாது. உணவுண்ட மீன் பைக்குள்ளே கழித்து நீரை நஞ்சாக்கும். பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு ஒட்சிசனும் இருத்தல் வேண்டும். வெயிலுக்கு முன் அனுப்புதல் சிறந்தது. வாங்கியவர் வீட்டில் பையை அவிழாமல் தொட்டி நீரிற் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பின்னர் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குட் கலந்து, மீனை மாத்திரம் வலையால் எடுத்து விடுதல் வேண்டும். பையின் நீரைத் தொட்டியிற் சேர்த்தல் கூடாது.

பிழைக்க வழியற்ற நோய்மீனை நிலத்தில் எறிந்து துடிக்கவிடுதலும் மலக்குழியில் இடுதலும் தகாதவை. ஒரு போத்தலில் இளஞ்சூட்டு நீரோடு கராம்பெண்ணெயைக் குலுக்கி, லீற்றருக்குப் பத்துச் சொட்டு அளவில், மீனிருக்கும் பாத்திரத்திற் கலந்தால் அது மயங்கி அமைதியாய் இறக்கும். செவுள் அசைவு நின்ற பின்னும் கால்மணி நேரம் விட்டு எடுத்துப் புதைக்கலாம்.

ஓடைகளிலிருந்து நாட்டு மீனைப் பிடித்து விற்க முற்படுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். இலங்கைக்கே உரிய மீனினங்கள் பல சட்டத்தாற் காக்கப்பட்டவை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் மற்றும் நீர்வாழ் வளங்கள் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் உயிர்மீன் ஏற்றுமதி இறக்குமதியை நெறிப்படுத்துகின்றன. பிரானா முதலிய கொடிய மீன்களை இறக்குமதி செய்தல் தடுக்கப்பட்டுள்ளது. ஐயம் உள்ளோர் மக்கள் 'நெக்டா' என்று சுருங்க அழைக்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் விரிவாக்க அலுவலரைக் கேட்டறிக. அவ்வதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது.

கிணற்றடித் தொட்டி

புதுச் சீமெந்துத் தொட்டியிற் சுண்ணாம்புக் காரம் கரைந்து மீனைக் கொல்லும். வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டி இட்டு நீர் நிரப்பிச் சில நாள் ஊறவிட்டு இறைத்து, இவ்வாறு இரண்டு மூன்று கிழமை செய்தபின் மீனை விடலாம்.

பூச்சிமருந்து தெளிக்கும் பாத்திக்கு அருகே தொட்டி இருத்தலாகாது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் மருந்துகளுட் பல, அதிலும் பைரெத்திரொயிட்டு வகையின, மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்வன. காற்றடிக்கும் திசையறிந்து தெளித்தலும் அவ்வேளையில் தொட்டியை மூடிவைத்தலும் வேண்டும். மருந்து கலந்த வாளியைத் தொட்டி நீரிற் கழுவியதால் ஒரு மாத உழைப்பு ஒரே இரவில் மிதப்பதுண்டு.

தொட்டியின் கழிவு நீரைக் காணுக்குள் விடாது தோட்டத்துக்கு இறைத்தல் வேண்டும். அதில் நைத்திரேற்று மிகுதியாக இருத்தலாற் கீரைக்கும் வெண்டிக்கும் நல்ல உரமாகும். தேற்றாத்தீவு போன்ற மணல்நிலத்தில் நீர் விரைவில் உள்ளிறங்கிவிடும். நீரோடு வந்த குஞ்சும் முட்டையும் மணல்மேற் காய்ந்துபோம். காணுக்குட் போன குஞ்சோ அன்று மாலையே வாவியை அடையும்.

இங்கு தொட்டி மீன் தப்பும் காலம் மாரியே. வடகீழ்ப் பருவமழை கார்த்திகை முதல் தை வரை பெய்து, முற்றமும் வாய்க்காலும் வாவியும் ஒரே நீராய்க் கலக்கும் நாட்கள் உண்டு. 2011ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தைக் கண்டோர் அதனை மறந்திரார். அத்தகைய நாளில் நிலமட்டத்திற் கட்டிய தொட்டியில் மீன் எஞ்சாது. தொட்டிச் சுவர் நிலத்துக்கு மேல் இரண்டடியாவது உயர்ந்திருத்தல் வேண்டும். வழிந்தோடும் குழாயின் வாயில் நுண்ணிய கண்ணுள்ள வலைத்துண்டைக் கட்டி, அது சருகால் அடைபடாதவாறு மழைநாளில் தினமும் பார்த்தல் வேண்டும். மேலே வலை போர்த்தினால் மீன்கொத்தியும் கொக்கும் மீனைக் கவ்விச் சென்று வாய்க்காலில் தவறவிடுதலும் நேராது. மண்ணில் வெட்டிய குட்டைகளில் மீன் வளர்ப்போர் ஐப்பசி கழியுமுன்னரே மீனைப் பிடித்து விற்றுவிட்டு, தாய் மீன்களை மாத்திரம் வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டிக்கு மாற்றுதல் நன்று. பெரும்போக விதைப்பு வேலை நெருங்கும் காலமாதலால் அவ்வேலையைப் புரட்டாதி இறுதியிலேயே தொடங்குதல் வசதியாக இருக்கும்.